பன்னிரண்டு படங்களில் வராதது

ஜூன் 9

உங்களுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. பொய் எழுத இப்போது தெம்பும் இல்லை.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். தேடிக்கொண்டிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். தேடவே இல்லை என்றால் அலைச்சல் மிச்சம். கதவைத் திறந்ததும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். "என்னடி, நாலு நாளைக்கா, நாலு மாசத்துக்கா?" என்றாள். "தெரியலக்கா" என்றேன். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். தரையெல்லாம் நூல் துணுக்கு. படுத்து எழுந்தால் தலையில் நாலு நிறம் ஒட்டியிருக்கிறது.

சொல்லாமல் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. சொல்கிறேன். ஏப்ரலில் நடந்ததற்குப் பிறகு உங்களோடு நான் பேசவில்லையே தவிர, வீட்டு வேலை எதையும் நிறுத்தவில்லை. அன்றைக்கும் உங்கள் டப்பாவுக்குப் பசை வாங்கத்தான் கடைத்தெருவுக்குப் போனேன். பொம்மைக்கடை வாசலில் ஒரே கூட்டம். நடுவில் நம்முடைய சுழல் டப்பா. கடைக்காரர் சுற்றிவிடுகிறார், ஜனங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தகரத்தில் இருக்கும் துளைகள் வழியாக உள்ளே பார்க்கிறார்கள், பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பன்னிரண்டு படம் வரைந்த காகிதப் பட்டை ஒன்றை நீங்கள் புதிதாக உள்ளே போட்டிருக்கிறீர்கள் என்று எனக்கும் ஒரு சின்னப் பெருமை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன்.

உள்ளே ஒரு பெண். இடது கையால் சாப்பாட்டுத் தட்டை எடுக்கிறாள், ஓங்குகிறாள், வீசுகிறாள். மறுபடி எடுக்கிறாள், ஓங்குகிறாள், வீசுகிறாள். எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "யாருப்பா இது, சாமி வந்த மாதிரி ஆடுறா?" இன்னொரு குரல், "இது டப்பாக்காரர் சம்சாரம்ல!" கடைக்காரர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்துவிட்டார். டப்பாவைக் கையால் பிடித்து நிறுத்தினார். பாவம், நல்ல மனுஷன்.

பத்து வருஷக் குடித்தனத்தில் நான் தட்டை வீசியது ஒரே ஒரு தடவை. நீங்கள் என்னை நிமிஷத்துக்கு நாற்பது தடவை வீச வைத்திருக்கிறீர்கள். நான் தூங்கும்போதும் எங்கேயோ ஒரு வீட்டில் வீசிக்கொண்டிருக்கிறேன்.

பசை வாங்கவில்லை.

*

ஜூன் 14

கோபக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் முதலில் நிம்மதி. இரண்டாவது தடவை படித்தபோது நிம்மதி போய்விட்டது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நீ இல்லை. நான் கல்லில் வரைந்தது யாரோ ஒரு பொம்பளை. மூக்கை மாற்றினேன், உன் கொண்டையை எடுத்துவிட்டுப் பின்னல் போட்டேன், எல்லாவற்றுக்கும் மேலாக அவளை வலது கைக்காரியாகத்தான் வரைந்தேன். நீ இல்லை என்று தெரிய வேண்டும் என்றுதான் அப்படி வரைந்தேன்! ஆனால் அச்சுக்கல்லில் வரைவது காகிதத்தில் இடம் வலம் திரும்பி விழும் என்பதை மறந்துபோனேன். பதினெட்டு வருஷமாகத் தொழிலில் இருப்பவன் இதைப் போய் மறப்பானா என்று கேட்பாய். மறந்தேன். கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டு படத்தைத் திருப்பி எடுத்துத் தருகிற வேலை என்றைக்கும் உன்னுடையது. ஏப்ரலுக்குப் பிறகு நீ அச்சு அறைப் பக்கமே வரவில்லை. நான் பாட்டுக்கு நேராக வரைந்து தொலைத்துவிட்டேன். அச்சில் பார்த்தால் இடது கைக்காரி. இந்த ஊரில் இடது கையால் சகலமும் செய்கிறவள் நீ ஒருத்திதான் என்றால் அதற்கு நான் என்ன பண்ணுவேன்?

அப்புறம், ஜனங்கள் சிரிப்பது உன்னைப் பார்த்து இல்லை. படத்தைப் பார்த்து. இரண்டும் வேறு வேறு.

வீடு வீடாக இல்லை. அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு எழவும் தெரியவில்லை. நேற்று துணி துவைக்கிற சோப்பில் கை கழுவி, அதே கையால் சாப்பிட்டேன். போதும், கிளம்பி வா.

ஒரு சின்ன விஷயம். ஏணியில் ஏறுகிற ஆள் ஒருவனை வரைந்துகொண்டிருக்கிறேன். சுற்றிவிட்டால் அவன் ஏறவில்லை, ஏணியில் வழுக்கிக்கொண்டே மேலே போகிறான், யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

*

ஜூன் 20

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "மறந்துட்டேன்னு சொல்றதுக்கு ஒரு பக்கம் எழுதுறார் பாரு" என்றாள்.

சரி, கல்லில் மறந்தீர்கள். நம்புகிறேன். உங்கள் ஞாபக சக்தி எனக்குத் தெரியாதா? ஆனால் முதல் அச்சு ஒன்று எடுத்துப் பார்த்திருப்பீர்களே? இடது கையைப் பார்த்திருப்பீர்களே? பார்த்துவிட்டு வழக்கம்போல முந்நூறு அடித்தீர்கள். அதற்குப் பெயர் மறதி இல்லை.

இன்னொன்று. தட்டு வீசுவதற்கு முன்னால் என்ன நடந்தது? பன்னிரண்டு படங்களில் அது வரவில்லை. உங்களுக்கே மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். மீசை சாப்பிட வந்திருந்தார். உங்கள் மொத்த வியாபாரியை 'மீசை' என்று கூப்பிடாதே என்று சொல்வீர்கள். இப்போது கூப்பிடுகிறேன், யார் தடுப்பது? மீசை என் எதிரில் உட்கார்ந்து, என் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அந்தக் கயிறு தாண்டுற சின்னப் பொண்ணு படம் இருக்கே, என்னமா வந்திருக்கு! யாரு வரைஞ்சது அது?" நான் உங்களைப் பார்த்தேன். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. இவர் சொல்லட்டும், நாமே சொன்னால் நன்றாக இருக்காது என்று காத்திருந்தேன். நீங்கள் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள், "நான்தான்."

அப்புறம்தான் தட்டு.

போகட்டும். இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை காலியாக இருக்கிறது. என்னிடம் படித்த பத்திரம் எதுவும் இல்லை. 'ஏதாவது வெளிவந்த வேலை இருக்கிறதா' என்று தலைமை ஆசிரியை கேட்டார். "கயிறு தாண்டும் சிறுமி" என்றேன். அவருக்கு அந்தப் படம் தெரியும். ஆனால் பட்டையின் ஓரத்தில் உங்கள் முத்திரைதான் இருக்கிறது. "நீங்கதான் வரைஞ்சீங்கன்னு எழுத்துல ஏதாவது கொண்டுவாங்க" என்றார். ஜூலை முப்பதாம் தேதி குழு கூடுகிறது.

எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 'அதை வரைந்தது என் மனைவி.' அவ்வளவுதான். மன்னிப்பு வேண்டாம், சமாதானம் வேண்டாம். அந்த ஒரு வரி இருந்தால் எனக்கு ஒரு சம்பாத்தியம், ஒரு மரியாதை. இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அக்கா வீட்டு நூல் துணுக்கு.

உங்கள் ஏணிக்காரன் ஏழாவது படத்தில் முழங்காலை மடக்க வேண்டும். கால் மட்டும் மேலே போகிறது, உடம்பு எடை எந்தக் காலில் இருக்கிறது என்றே தெரியவில்லை, அதனால்தான் வழுக்குகிறான். படத்தைப் பார்க்காமலேயே சொல்கிறேன், அதைத்தான் செய்திருப்பீர்கள். இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். தாங்கவில்லை. என்னையே திட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

*

ஜூலை 2

கெட்டிக்காரிக்கு,

ஏறிவிட்டான்! முழங்காலை மடக்கினேன், என்ன அழகாக ஏறுகிறான் தெரியுமா! பத்து நிமிஷம் நானே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறைத் தகரக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உசிரோட இருக்கான்யா" என்றார்.

நீ கேட்ட கடிதம் விஷயம். எழுதுகிறேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே. நிதானமாக, நல்ல வார்த்தையாகப் பார்த்து எழுத வேண்டும். அவசரத்தில் எழுதி ஏடாகூடமாக ஆகிவிடக் கூடாது.

அதற்குள் உனக்கு ஒரு நல்ல சேதி. தட்டு வீசுகிற பட்டையைத் திருத்தி வரைந்துவிட்டேன். இப்போது அவள் வலது கையால் வீசுகிறாள். தலையில் ஒரு தொப்பியும் வைத்துவிட்டேன். முதல் அச்சை இத்தோடு அனுப்புகிறேன், நீயே பார். இனி எவனும் உன் பெயரை எடுக்க முடியாது. திருப்திதானே?

எப்போது வருகிறாய் என்று நீ எழுதவே இல்லை.

*

ஜூலை 7

உங்களுக்கு,

தொப்பி வைத்தீர்களா! தொப்பி!

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அச்சைக் காட்டினேன். "தொப்பி நல்லாத்தான் இருக்கு. தையல் வேலைக்கு உன் வீட்டுக்காரர என்கிட்ட அனுப்பு" என்றாள்.

நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன தருகிறீர்கள்? பசிக்கிறது என்றால் விசிறி கொடுக்கிறீர்கள்.

நேற்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியையின் மேசையில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? சுழல் டப்பா. உள்ளே உங்கள் பழைய பட்டை, தொப்பி இல்லாதது. "பிள்ளைங்களுக்கு இதுன்னா உயிரு. மணி அடிச்சாலும் வகுப்புக்குப் போக மாட்டேங்கறாங்க" என்று அவரே சுற்றிக் காட்டினார். நானும் குனிந்து பார்த்து, "நல்லா இருக்கு" என்றேன். சொன்னேன்! அப்புறம் என் இடது கையை மடியில் போட்டு அதன்மேல் கைப்பையை வைத்துக்கொண்டேன். விண்ணப்பத்தை வலது கையால் எழுதினேன். என் வலது கை எழுத்து உங்களுக்குத் தெரியுமே, கோழி கிளறின மாதிரி. அவர் அதை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓவிய ஆசிரியை வேலைக்கு வந்தவள் ஒரு கோடு நேராகப் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கடிதம் கண்டிப்பா கொண்டுவாங்க" என்றார்.

அந்தக் கடிதம் இல்லாமல் இந்த வேலை எனக்குக் கிடைக்காது. ஒரு வரி. இதற்குமேல் கெஞ்ச மாட்டேன்.

*

ஜூலை 16

உனக்கு,

ஐந்து தடவை உட்கார்ந்து எழுதினேன். சொன்னால் நம்ப மாட்டாய், ஐந்தையும் இங்கேயே எழுதிக் காட்டுகிறேன்.

'மேற்படி படத்தை வரைவதில் என் மனைவியின் பங்கு உண்டு.' அடித்தேன். 'என் மேற்பார்வையில் என் மனைவி வரைந்த படம்.' அடித்தேன். 'நாங்கள் இருவரும் சேர்ந்து.' அடித்தேன். நான்காவதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஐந்தாவதை இத்தோடு வைத்திருக்கிறேன். 'படங்கள் வரைவதில் என் மனைவி எனக்குப் பல வருஷங்களாக உறுதுணையாக இருந்து வருகிறார். நல்ல கைத்திறன் உள்ளவர். ஆசிரியை பணிக்குத் தகுதியானவர் என்று சிபாரிசு செய்கிறேன்.' முத்திரையும் போட்டிருக்கிறேன். இதைக் கொடுத்தால் போதாதா? சிபாரிசுதானே அவர்களுக்கு வேண்டும்?

கோபப்படாமல் ஒரு நிமிஷம் கேள். மீசை ஐந்நூறு டப்பா கேட்டிருக்கிறார். ஏன் கேட்டார்? கயிறு தாண்டும் சிறுமியை வரைந்தவன் நான் என்று நினைத்துத்தான். ஊர் ஊராகப் போகிறவர், எங்கே போனாலும் அதைச் சொல்லித்தான் விற்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் எழுதிக் கொடுக்கிற காகிதம் எப்படியும் ஒரு நாள் அவர் காதுக்குப் போகும். போனால்? வியாபாரம் போனால் போகட்டும், அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். நாளைக்கு நாலு பேர் நடுவில் 'நீங்க என்ன செய்றீங்க' என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்கு இருக்கிறது அந்த ஒரு படம்தான். அதையும் உன்னிடம் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

பொய் சொன்னது தப்புதான். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட விதத்தில் வாயில் தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதை எப்படி விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தட்டுப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன்னைக் கேலி பண்ண அதை வரையவில்லை. நீ தட்டை எடுத்ததிலிருந்து அது சுவரில் போய் விழுகிற வரைக்கும் நான் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு அசைவை முழுசாகப் பார்த்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நானாகவே வரைந்து சரியாக அசைந்த பட்டையும் அதுதான்.

*

ஜூலை 22

உங்களுக்கு,

உறுதுணை! நான் என்ன ஊன்றுகோலா?

உங்கள் சிபாரிசைத் திருப்பி அனுப்புகிறேன். முத்திரை பளிச்சென்று இருக்கிறது, வேறு எதற்காவது பயன்படும்.

என்னைப் பார்த்தீர்களாம். கண்ணை எடுக்கவே இல்லையாம். கண்ணை எடுக்காமல் பார்த்த மனுஷர் வாயைத் திறந்து, 'இல்ல, அவதான் வரைஞ்சா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு என் கையிலேயே நின்றிருக்கும்.

அந்தச் சிறுமியை எப்படி வரைந்தேன் என்று மறந்துவிட்டதா? முப்பத்து நாலு வயசில், பின்பக்கச் சந்தில், ஜன்னல் கம்பியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி நாற்பது ஐம்பது தடவை குதித்தேன். கயிறு எங்கே வரும்போது கால் தரையை விடுகிறது, எங்கே வரும்போது பின்னல் மேலே எழும்புகிறது என்று பார்க்க. முழங்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினேன். பன்னிரண்டாவது படம் முதல் படத்தோடு போய் ஒட்டவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிள்ளை விக்கல் எடுத்த மாதிரி ஒரு துள்ளு துள்ளினாள். பதினேழு நாள் அந்த ஒரு விக்கலோடு மல்லுக்கட்டினேன். 'போதும் விடு, யாருக்குத் தெரியப்போகிறது' என்று சொன்னது நீங்கள்.

கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துச் சுற்றியதும் நீங்கள்தான். கை வலிக்க வலிக்கச் சுற்றினீர்கள், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. யார் கேட்டாலும் அதை நான் சொல்வேன். மறைக்க மாட்டேன். உங்களுக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒரு கடிதத்திலாவது கேட்டீர்களா?

இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

*

ஜூலை 26

உனக்கு,

கல்லை அழித்துவிட்டேன். தட்டுப் படம் இருந்த கல்லை மணலும் தண்ணீரும் போட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேய்த்தேன். கை இரண்டும் கொப்புளம். இப்போது வழுவழுவென்று இருக்கிறது, நகக்கீறல்கூட இல்லை. உன்னை யாரும் இனி வீச வைக்க முடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் மீசையிடமிருந்து சேதி வந்தது. அந்தப் படம் நன்றாகப் போகிறதாம், நான் அனுப்புவதற்குத் தாமதமாகிறது என்று வேறொரு அச்சகத்தில் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லி அடித்துக்கொண்டாராம். அதில் ஒரு நாயையும் சேர்த்திருக்கிறார்களாம்.

இதை உன்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

கடிதத்தை எழுதப் பார்க்கிறேன்.

*

ஜூலை 30

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அவர்களுக்குக் கொடுப்பதற்காக:

'கயிறு தாண்டும் சிறுமி என்ற படப் பட்டையை முதல் கோட்டிலிருந்து கடைசி நிறம் வரை வரைந்தவர் என் மனைவி. நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை நான் வரைந்ததாகச் சொன்னது பொய். பட்டையின் ஓரத்தில் இருக்கும் என் முத்திரை டப்பாவுக்கு உரியது, படத்துக்கு இல்லை.'

இன்றைக்குத்தான் முப்பது என்று தெரியும். காலையில் எழுதி முடித்துவிட்டேன். தபாலில் போடப் போய், பெட்டி முன்னால் நின்று, திரும்பி வந்துவிட்டேன். மத்தியானம் மறுபடி போனேன். இது உன் கைக்கு வரும்போது குழு கூடி, கலைந்து, வீட்டுக்குப் போயிருக்கும். என்னைத் திட்டு. இந்தத் தடவை நான் பதில் சொல்ல மாட்டேன்.

*

ஆகஸ்ட் 3

உங்களுக்கு,

முப்பதாம் தேதி நடந்ததை எழுதிக்கொண்டிருந்தேன், பாதியில் உங்கள் கடிதம் வந்தது. முதலில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காலைத் தபால் வரும்வரை வாசலில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. வெறுங்கையோடு போனேன். தலைமை ஆசிரியையோடு இன்னும் மூன்று பேர். "கடிதம்?" என்றார். "வரல" என்றேன். அவர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அந்த அடுக்கலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்படியே எழுந்து வந்திருப்பேன். என்ன வேகம் வந்ததோ, "ஒரு வெறும் பட்டை குடுங்க, ரெண்டு மணி நேரம் குடுங்க" என்றேன்.

மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பேனாவை இடது கையில் எடுத்தேன். இரண்டு மாசமாக ஒளித்துவைத்த கை, எடுத்ததும் சொன்னபடி கேட்டது. தலைமை ஆசிரியையையே வரைந்தேன்: மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார், ஊதுகிறார், துடைக்கிறார், போட்டுக்கொள்கிறார். பன்னிரண்டு படங்கள். டப்பாவில் வைத்துச் சுற்றினோம். ஒரு இடத்தில் கொஞ்சம் விக்கல் இருந்தது, எனக்குத்தான் தெரிந்தது. மூன்று பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். பிறகு டப்பாவிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த தட்டுப் பட்டையைப் பார்த்தார்.

"அப்போ இது நீங்களா?"

"ஆமாங்க."

வேலை போனது என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "எதுக்கு வீசினீங்க?" என்று கேட்டார்.

கடைத்தெருவில் யாரும் கேட்கவில்லை. அக்காகூடக் கேட்கவில்லை. சொன்னேன், எல்லாவற்றையும். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

இனி உங்கள் கடிதம். மூன்று தடவை படித்தேன். அக்கா, "இதை எழுத மனுஷனுக்கு ரெண்டு மாசமா?" என்றாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். நான் கேட்ட கடிதம் இதுதான். கேட்டதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இது இனித் தேவையில்லை. உங்களை யாரென்றே தெரியாத ஊரில், முகம் தெரியாத நாலு பேருக்கு உண்மையை எழுதுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. நீங்கள் பொய் சொன்னது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மீசைக்கு முன்னால். திருப்பிச் சொல்வதாக இருந்தால் அங்கேதான் சொல்ல வேண்டும். அவருக்குக் கடிதம் போடாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

சொன்னால் நான் வந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அப்படி ஒரு பேரம் நான் பேசவில்லை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. வருவேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியாது. கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

*

ஆகஸ்ட் 19

உனக்கு,

மீசை நேற்று மத்தியானம் வந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். என் சமையல், பாவம், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அவர் கை கழுவுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தும் சொல்லவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் சொன்னேன்.

"கயிறு தாண்டுற பொண்ண நான் வரையல. என் சம்சாரம் வரைஞ்சது."

அவருக்கு முதலில் புரியவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்தார். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டம்.

திரும்ப உட்கார்ந்துவிட்டார். அலமாரியில் இருக்கிற பட்டைகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். பதினான்கு இருந்தன, எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். "இதுல எது உங்களது, எது அவங்களது? பிரிச்சு வைங்க" என்றார். வியாபாரி இல்லையா, சரக்கு எது என்று தெரிந்தாக வேண்டும். பிரித்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, யோசித்து, வைத்தேன். ஏமாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. சிலவற்றை எடுத்தபோது நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தாய் என்பதுகூட ஞாபகம் வந்தது. முடித்துப் பார்த்தால் உன் பக்கம் பன்னிரண்டு. என் பக்கம் இரண்டு.

நான் இத்தனை வருஷமாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர் சத்தம் போடுவார், ஐந்நூறையும் ரத்து செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. உன் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அப்போ நீங்க என்னதான் செய்றீங்க?"

"டப்பா செய்றேன்" என்றேன்.

"நல்ல டப்பா" என்றார்.

பிறகு உன் முகவரியைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.